சோலைக்கு மேலே இருந்த புல்வெளி

மலைமேல் ஒரு கோயில்சோலை. பாட்டன் பூட்டனுக்கும் மூத்த மரங்கள். சுள்ளி பொறுக்கினாலும் தெய்வக்குற்றம். சோலைக்கு நடுவே ஓர் ஊற்று, சோலைக்கு மேலே ஒரு புல்வெளி.

அந்த ஊற்று வற்றிவிட்டது. ஓரத்து மரங்கள் வாடத் தொடங்கின.

தாண்டவராயனுக்குச் சோறு இறங்கவில்லை. வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றபின், தன்னைவிடப் பதினைந்து வயது இளைய செங்கமலத்தம்மையிடம் சீடராக வந்தவர். வந்த வருடமே, சும்மாதானே கிடக்கிறது என்று புல்வெளிக்கு வேலி போட்டு, வேகமாக வளரும் சீகை என்ற அயல்மரக் கன்றுகளை முழுக்க நட்டார். அங்கே எருமை மேய்த்த பொம்மியை விரட்டினார். பன்னிரண்டு வருடத்தில் மரங்கள் பனை உயரம். அந்தப் பெருமையைச் சொல்லும்போது கை தானாக மீசைக்குப் போகும்.

“சோலையில ஒரு இலையைக்கூட யாரும் தொடலையே அம்மா, ஊற்று ஏன் வத்துச்சு?”

குரு குடத்தை நீட்டினார். “பொம்மி வீட்டுல தண்ணி இருக்காம். வாங்கிட்டு வாங்க.”

வேறு வீடே கிடைக்கவில்லையா என்று நினைத்தபடி நடந்தார்.

மறுசரிவில் பொம்மியின் குடிசை. வாசலில் ஊற்று சலசலத்தது. அதற்கு மேலே வெறும் புல், பேருக்கு ஒரு மரம்கூட இல்லை. தாண்டவராயன் குனிந்து புல்லுக்குள் கைவிட்டார். மண் நொதநொதவென்று ஈரம். அவர் வளர்த்த தோப்பிலோ காலை வைத்தால் சருகு நொறுங்கும்.

வேலி போட்ட அன்று பொம்மி சொன்னது நினைவுக்கு வந்தது. “புல்லு குடிச்சு வச்சாத்தான் சாமி, சோலைக்குத் தண்ணி.”

“எருமை மேய்க்கிறவ எனக்குக் காட்டைப் பத்திச் சொல்லித் தர்றியா?” என்று அவர் சிரித்திருந்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது இப்போதுதான் உறைத்தது.

பொம்மி வெளியே வந்தாள். குடத்தை நிறைத்தாள். “வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிங்க சாமி.”

குடித்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பியதும் குரு கேட்டார். “என்ன சொன்னா?”

“மோர் குடுத்தா.” குடத்தை இறக்கி வைத்தார். “நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை அம்மா.”

குரு அந்தத் தண்ணீரில் ஒரு கை அள்ளிச் சாணைக்கல்லில் தெளித்தார். கோடாலியைத் தீட்ட ஆரம்பித்தார்.

தாண்டவராயன் பதறினார். “நான் நட்ட தோப்பையா வெட்டணும்? பச்சை மரத்துல கை வைக்கிறதில்லன்னு சத்தியம் பண்ணினவன் நான். பாவம் இல்லையா?”

“பாவந்தான்.” குரு தலை நிமிரவில்லை. “பொம்மி அன்னைக்குச் சொன்னப்போ, பக்கத்துல நின்னு நானும் சிரிச்சேன். உள்ள இன்னொரு கோடாலி இருக்கு. அதையும் எடுத்துட்டு வாங்க.”