பீர்க்கங்கொடிக்கு ஊற்றிய தண்ணீர்

குருவைத் தேடிப் போகிறவர்கள் பழம் கொண்டுபோவார்கள். கூடலிங்கம் ஒரு சாக்கு மண் கொண்டுபோனார்.

மண்சுவர் பூரணம் என்றால் அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக மண்வீடு கட்ட வேண்டுமா, பழைய மண்வீடு பழுதா, பூரணத்தைத்தான் கூப்பிடுவார்கள். வயது நாற்பதைத் தாண்டவில்லை. தொழில் படிக்க வந்து அவரிடம் தங்கியிருப்பவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களைப் பூரணம் அண்ணே என்பார். அவர்கள் பூரணத்தைத் தாயி என்பார்கள். இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

கூடலிங்கம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். ஐம்பது கடந்தும் முதுகு வளையாத ஆள். மூட்டையை முற்றத்தில் இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"தாயி, இந்த மண்ணுல என்ன குத்தம்னு பாத்துச் சொல்லணும்."

பூரணம் மண்ணைப் பார்க்கவில்லை. வந்தவரின் முகத்தைப் பார்த்தார்.

"எந்த வீட்டு மண்ணுண்ணே?"

"என் வீட்டு மண்ணுதான். மேக்குச் சுவரு. ஐப்பசி மழையில விழுந்துச்சு. என் மக அதுல சாஞ்சு உக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருந்தா. வாசுகின்னு பேரு. ஒரே மக. மண்ணைத் தள்ளி எடுக்கும்போது உசிரு இல்ல."

கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தார்கள் என்பதையும் சொன்னார். பூரணம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

"ஊர்ல என்ன பேசுறாங்க?"

"என் சம்சாரம் சீனியம்மா அந்தச் சுவரடியில ஒரு பீர்க்கங்கொடி போட்டிருந்தா. தெனமும் தண்ணி ஊத்துவா. அந்தத் தண்ணிதான் சுவரை அரிச்சுருச்சுங்கிறாங்க. அவளும் 'நான்தான் கொன்னேன், என் கையாலயே கொன்னேன்'னு பொலம்பிக்கிட்டுக் கெடக்கா. கண்ணால பாக்க முடியல தாயி. மண்ணு மோசம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, ஓடிப்போய் அவகிட்டச் சொல்லிருவேன்."

சொல்லிக்கொண்டே திரும்பினார். பூரணத்தின் வீட்டுச் சுவர் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதுவும் மண்சுவர். அதன் காலடியில் பீர்க்கங்கொடி. பாத்திரம் கழுவிய தண்ணீரை அப்போதுதான் யாரோ ஊற்றியிருந்தார்கள். சுவரின் அடி முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருந்தது.

"ஐயோ தாயி, அதைப் பிடுங்கிப் போடுங்க! உங்களுக்குமா புத்தி இல்ல?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். மூட்டையை அவுருங்க."

பூரணம் மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, வைக்கோலை நறுக்கிப் போட்டார்.

"எறங்கி மிதிங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"என் புள்ள மேல விழுந்த மண்ணு. கால் வைக்க மாட்டேன்."

"சரி, கையால பிசைங்க."

பிசைந்தார். பக்கத்தில் குந்தியிருந்த பூரணம், மண்ணுக்குள் கிடந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்தார். ஒரு பக்கம் நீல வண்ணம் அடித்த சிமெண்டுச் சில்லுகள்.

"அது சுவர்ல பூசியிருந்தது" என்றார் கூடலிங்கம்.

"தெரியுது."

அச்சில் அமுக்கி, சூளையில் சுடாத மண்செங்கல்லாக, ஒரு பச்சைக்கல் அறுத்தார்கள். வெயிலில் வைக்கப் போனவரைப் பூரணம் தடுத்து, நிழலில் வைக்கச் சொன்னார்.

"வெயில்ல வெச்சா வெரசாக் காயுமே தாயி?"

"வெரசாக் காயும். வெடிச்சும் போகும். இது காயிற வரைக்கும் இங்க இருங்க. சும்மா இருக்க வேணாம், வேலை செய்யுங்க."

இருந்தார். மண் சலித்தார், வைக்கோல் நறுக்கினார், கல் சுமந்தார். காய்ந்த கல்லைப் பலகையில் அடுக்கி, ஆளுக்கொரு முனை பிடித்து இரண்டு பேராகத் தூக்குவதுதான் அங்கே வழக்கம். கூடலிங்கத்துக்கு அது கேலியாக இருந்தது. பலகையைத் தலையில் ஏற்றித் தனியாகவே நடந்தார். வாசலில் பலகை சரிந்து, அத்தனை கல்லும் கீழே விழுந்து உடைந்தது.

"சுமை பெருசுன்னா ஒரு பக்கம் பிடிக்க ஆள் கூப்பிடுங்கண்ணே" என்றார் பூரணம். "வேற ஒண்ணுமில்ல. கல்லு ஒடையுது."

"எனக்குத் தனியாத் தூக்கித்தான் பழக்கம்."

"அதான் தெரியுதே!" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கூடலிங்கமும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

வேலை இல்லாத நேரத்தில் அவர் அந்தப் பீர்க்கங்கொடிச் சுவருக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வார். காலையில் தண்ணீர் ஊற்றுவார்கள், சுவரின் அடி கறுக்கும். மத்தியான வெயிலுக்கு வெளுத்துவிடும். மறுநாளும் அப்படித்தான். சுவர் அசையாமல் நின்றது. அவருக்கு அந்தச் சுவரின் மேல் கோபம் கோபமாக வந்தது.

கல் காய்ந்த அன்று பூரணம் அதைத் தரையில் வைத்து, ஏறி நிற்கச் சொன்னார். மண்ணில் காலை வைக்க மாட்டேன் என்றவர் அன்று ஏறி நின்றார். எப்படியாவது உடைந்துவிடாதா என்று இருந்தது அவருக்கு. குதித்துக்கூடப் பார்த்தார். கல் அப்படியே இருந்தது.

"மண்ணுல குத்தமில்லண்ணே. நல்ல மண்ணு."

கூடலிங்கத்தின் முகம் செத்துப்போனது.

"அப்ப அவ ஊத்துன தண்ணிதானா?"

பூரணம் பீர்க்கங்கொடியைக் காட்டினார். "இத்தனை நாளாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?"

"அதுவும் இல்லன்னா வேற யாரு?"

"நாளைக்கு மேலூர்ப் பக்கம் ஒரு வேலை இருக்கு. நீங்களும் வாங்க."

மறுநாள் போன வீடும் மண்வீடுதான். பார்த்தால் அப்படித் தெரியாது. சிமெண்டு பூசி ரோஸ் வண்ணம் அடித்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் மட்டும் வயிறு தள்ளியிருந்தது. வீட்டுக்காரர், போன வருஷம்தான் செலவழித்துப் பூசியது என்று அங்கலாய்த்தார். பூரணம் சுவரைத் தட்டிப் பார்த்தார். வீட்டில் இருந்தவர்களை வெளியே வரச் சொல்லி, சுவருக்கு முட்டுக் கொடுத்தபிறகு, உளியையும் சுத்தியலையும் கூடலிங்கத்திடம் நீட்டினார்.

நாலு தட்டுத்தான் தட்டினார். சிமெண்டுப் பூச்சு ஒரு கதவு அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே மண், பிசைந்த மாவு போல் சொதசொதவென்று இருந்தது. தொட்ட விரல் உள்ளே போனது.

அது பங்குனி மாதம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"தாயி, மழை பேஞ்சு மாசக்கணக்கு ஆச்சே."

"ஆமா."

"இன்னும் எப்படி ஈரமா இருக்கு?"

"மண்சுவருன்னா நனையும், காயும். இதைக் காய விடலையே. மூடி வெச்சாச்சு. உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியில்ல."

கூடலிங்கம் சுத்தியலைக் கீழே வைத்தார். தெருவிலேயே உட்கார்ந்தார். வெயில் பட்டு அவர் மயங்கிவிட்டார் என்று நினைத்த வீட்டுக்காரர், மோர் வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நான்தான் பூசினேன் தாயி. நல்லாத்தான நின்னுச்சு எங்க அப்பன் வெச்ச சுவரு. மண்ணு வீடுன்னு எவனும் என் மகளைக் கொறைச்சுப் பேசிறக் கூடாதுன்னு கொத்தனாரைக் கூட்டியாந்தேன். சித்தாளா நின்னு கலவை சுமந்ததும் நான்தான். நீல வண்ணம் வேணும்னு அவ கேட்டா. அடிச்சு முடிச்சதும், 'அப்பா, நம்ம வீடா இது!'ன்னு சுவரைத் தடவித் தடவிப் பாத்தா."

பூரணம் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

"ஊரே சீனியம்மாளைச் சொல்லுச்சு. நான் ஒரு வார்த்தை தடுத்துப் பேசல. துக்கம் கேட்டு வந்தவங்க முன்னாடி நானும் ஒருவாட்டி சொல்லிட்டேன், 'கொடிக்குத் தண்ணி ஊத்தாதன்னு சொன்னா கேட்டாத்தான?'ன்னு. ஊத்தாதன்னு நான் அவகிட்டச் சொன்னதே இல்ல தாயி. பொய்யி. அன்னைக்கே அந்தக் கொடியைப் பிடுங்கிப் போட்டா. அதுக்கப்புறம் அவ எந்தச் செடிக்கும் தண்ணி ஊத்தல. எந்தச் சுவருலயும் முதுகைச் சாய்க்கல."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மகளைப் புதைத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. மோரோடு வந்த வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அழுகை அடங்கியபிறகு கூடலிங்கம் கேட்டார்.

"அந்தச் சில்லைப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லல?"

"அன்னைக்கே சொல்லியிருந்தா நீங்க வீட்டுக்குப் போயிருக்க மாட்டீங்கண்ணே. கம்மாயில விழுந்திருப்பீங்க."

"இப்ப மட்டும் வீட்டுக்குப் போயிருவேனா?"

பூரணம் எழுந்து, அவர்கள் வந்த வண்டியில் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். அந்த ஒற்றைக் கல்.

"வேணாம் தாயி. என் புள்ளையைக் கொன்ன மண்ணு."

"தவழுற வயசுல அவ பிடிச்சு எந்திரிச்சு நின்னதும் இதைத்தான். கொண்டுபோங்க."

கூடலிங்கம் கல்லை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"போய் அவகிட்ட என்ன சொல்றது?"

"எங்கிட்டச் சொன்னீங்களே, அதை."

"சொன்னா அவ என்னை விட்டுட்டுப் போயிருவா."

"போகலாம்."

"மன்னிப்பாளா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றார் பூரணம். "சுமை பெருசு. அந்தம்மா தனியாச் சுமந்துக்கிட்டு நிக்கிறாங்க. மொதல்ல போய் ஒரு பக்கம் பிடிங்க."