பன்னிரண்டு வருஷக் கூரை

கூரை ஒழுகியது.

கூகைக்கோட்டை ராஜா மழவராயர் கட்டிய புது அங்காடி மண்டபம் அது. திறந்து ஒரு கோடைதான் ஆயிற்று. ஐப்பசியின் முதல் மழையிலேயே உப்பு மூட்டைகளின் தலையில் கொட்டியது. உப்பு கரைந்து, பக்கத்துக் கடை வெல்லத்தையும் கூட்டிக்கொண்டு, வாசல் வழியாக வெளியே போய்விட்டது.

ஒழுகினது பெரிசில்லை. திறப்பு விழாவில் ராஜா வாயைத் திறந்ததுதான் பெரிசு.

"வியாபாரிகளே! இந்தக் கூரைக்குப் பன்னிரண்டு வருஷ உத்தரவாதம். ஒழுகினால் அன்று பொழுது சாய்வதற்குள் அடைப்பேன். இல்லையென்றால் இந்த மீசையை எடுத்துவிடுகிறேன்!"

யாரும் கேட்கவில்லை. தானாகச் சொன்னார்.

இப்போது வியாபாரிகள் அத்தனை பேரும் மண்டபத்தில் நின்றார்கள். ஓரமாக நாவிதர் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இவரை யார் கூப்பிட்டது?" என்றார் ராஜா.

எல்லோரும் மழையைப் பார்த்தார்கள்.

கூரை போட்ட குத்தகைக்காரன் ஏகாம்பரம் குடை பிடித்துக்கொண்டு வந்தான். ஊரில் ஓடு வேய்கிறவன், தச்சன், கொத்தன் எல்லாம் இவன் ஆட்கள். இவன் தலையாட்டாமல் ஒருத்தனும் ஏணியைத் தொடமாட்டான்.

"அடைத்துக் கொடு" என்றார் ராஜா.

"அடைக்கலாம் மகாராஜா. ஆனால் உத்தரவாதம் செத்துப்போச்சே."

"எப்போது?"

"நீங்கள் ஆளை ஏற்றிக் கூரையில் கொடி நட்ட அன்றைக்கே. உத்தரவாத ஓலையின் பின்பக்கம் பாருங்கள்."

ராஜா ஓலையைத் திருப்பியதே இல்லை. திறப்பு விழாவில் அவைப்புலவர் முன்பக்கத்தை ராகம் போட்டுப் பாடினார். பின்பக்கத்தை யாரும் பாடவில்லை. ராஜா இப்போது படித்தார். என் ஆட்கள் தவிர எவன் கூரையில் ஏறினாலும் உத்தரவாதம் இல்லை. காற்றடித்தால் இல்லை. இலை விழுந்து தண்ணீர் தேங்கினால் இல்லை. ஓடு உடைந்தால் ஓடு தருவேன், மேலே ஏற்ற மாட்டேன். கீழே எது நனைந்தாலும் எனக்குச் சம்பந்தமில்லை.

"மழைக்காவது உண்டா?"

"உண்டு மகாராஜா. காற்றில்லாத மழைக்கு."

"கொடி கிழக்கு மூலையில் இருக்கிறது. ஒழுகுவது மேற்கு மூலை!"

"கால் வைத்தது வைத்ததுதானே? ஒன்று செய்யலாம். இதைப் பிரித்துவிட்டுப் புதுக் கூரை போடுங்கள். புது உத்தரவாதம் தருகிறேன்."

ஏகாம்பரத்தின் தலையை வாங்கலாம் என்றுதான் ராஜாவுக்கும் தோன்றியது. ஆனால் ஓலையில் இருந்தது அவருடைய முத்திரை. தன் முத்திரையைத் தானே மதிக்காத ராஜாவின் ஊரில் எவன் கடை போடுவான்? வியாபாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை.

தூணோரம் ஒரு கொட்டாவி கேட்டது. அய்யாறப்பன். கோழித் தகராறு, வேலித் தகராறு எல்லாம் முதலில் இவரிடம்தான் வரும். தீராததுதான் ராஜாவிடம் போகும்.

"மகாராஜா, நேற்று எண்ணெய்க்கார வீரம்மாள் வழக்கில் என்ன தீர்ப்புச் சொன்னீர்கள்?"

"ஓய், மீசை போகிற நேரத்தில் வீரம்மாள் எதற்கு?"

"சொல்லுங்கள்."

"ஊர் வழக்கம்தானே? பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் அவள் முற்றத்தில் கொட்டியது. கூரைத் தண்ணீர் கூரைக்காரனைச் சேர்ந்தது. அடுத்தவன் இடத்தில் விழுந்தால், அது நிற்கும்வரை அவனே அண்டாவைத் தலைமேல் வைத்துப் பிடிக்க வேண்டும்."

"எவன் கூரைக்காரன்?"

"எவன் ஏறலாம், எவன் ஏறக்கூடாது என்று சொல்கிறவன்."

அய்யாறப்பன் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏனய்யா, இந்தக் கூரையில் நான் ஏறலாமா?"

"கூடாது."

"ராஜா?"

"ராஜாவும்தான்."

"கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் அடைத்த இலையை அள்ள?"

"என் ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்."

"சத்தமாகச் சொல்லும். வியாபாரிகளுக்கு மழையில் கேட்கவில்லை."

"என்னைக் கேட்காமல் இந்தக் கூரையில் ராஜா உட்பட எவனும் ஏறக்கூடாது!" என்று ஏகாம்பரம் கத்தினான்.

"அண்டாவைக் கொண்டுவாங்கப்பா."

ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, கூரை ராஜாவுடையது!"

"அப்படியானால் ராஜா ஆள் ராஜா கூரையில் ஏறினான். இதில் குற்றம் எங்கே வந்தது? உத்தரவாதம் உயிரோடு இருக்கிறது. ஒழுகலை அடைத்துக் கொடும்."

"இல்லை இல்லை, என்னுடையது!"

"தலையைக் கொஞ்சம் குனியும். அண்டா ஏறட்டும்."

கோயில் சமையலுக்கான அண்டா. ஏகாம்பரம் மேற்கு மூலையில் அதைச் சுமந்துகொண்டு நின்றான். கூரை மடமடவென்று கொட்டியது. பாதி அண்டாவில் விழுந்தது, பாதி அவன் சட்டைக்குள் போனது.

"நேராப் பிடி அண்ணே! மிச்ச உப்பும் நனையுது!" என்றாள் உப்புக்காரி பொன்னரசி.

"காற்றில்லாத மழைதானே, பொறுத்துக்கோ" என்றான் வெல்லக்காரன்.

அண்டா பாதி நிறைவதற்குள் ஏகாம்பரம் அலறினான். "டேய், ஏணியை எடுங்கடா! ஏறுங்கடா! அந்த மேற்கு வாய்க்காலில் ஓடே வைக்காமல் விட்டோமே, அதை வையுங்கடா!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பொழுது சாய்வதற்கு முன்பே ஒழுகல் நின்றது. நாவிதர் கத்தியை மடித்தார். முகத்தில் ஏமாற்றம்.

"ஓய் அய்யாறப்பன், என்ன வேண்டும்? கேளும்!"

"அந்த அண்டா போதும் மகாராஜா."

"அண்டாவா? எதற்கு?"

"என் வீட்டுக் கூரையும் இவன் போட்டதுதான்."

கோயிலுக்கு வேறு அண்டா வாங்கினார்கள். மண்டபத்துக் கல்வெட்டில் கூரையைக் காத்தவர் மழவராயர் என்று வெட்டியிருக்கிறது. ஏகாம்பரமோ, தான்தான் காத்ததாகச் சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தான். சொல்லட்டும். சரி பண்ணியவர் அய்யாறப்பன்.