ராஜாவுக்குப் பசித்த நாள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே ஏழுமுடி நாட்டை மருதவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் புத்தி நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். யானையைக் கொண்டுவா என்பார், யானை வந்து நின்றால், "இதை யாரடா கூப்பிட்டது?" என்பார்!

அவர் சபையில் தளவாய் குமாரய்யனுக்கு ஒரு வயிற்றெரிச்சல். மலைப் பள்ளத்தாக்கில் நாற்பது குடும்பம் உழுது விதைத்து நிம்மதியாகச் சாப்பிடுகிறதே!

"பிரபு! அந்த மலைக்காரர்களுக்கு விவசாயமா தெரியும்? சாமை, கேழ்வரகு, அவரை, துவரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே வயலில் இறைக்கிறார்கள். நிலத்தை எனக்குக் கொடுங்கள். வரிசை பிடித்து நெல் நட்டுக் காட்டுகிறேன்."

"கொடுத்தோம்!" என்றார் ராஜா.

சேதி கேட்டதும் பள்ளத்தாக்கில் உழுதுவந்த நஞ்சி என்ற பெண்ணுக்குப் பகீர் என்றது. பிறந்த மண்ணை விட்டு நாற்பது வீடும் எங்கே போகும்? இடுப்பில் இருந்த விதைக்கூடையோடு அரண்மனைக்கே ஓடிவந்துவிட்டாள்.

"சாமி, தளவாயும் நாங்களும் ஆளுக்கொரு வயல் விதைக்கிறோம். என்னைக்கு உங்களுக்குப் பசிக்குதோ அன்னைக்கு வாங்க. நிக்கிற பயிரை அறுத்து, உங்க கண்ணு முன்னால சமைச்சு யாரு சோறு போடுறாங்களோ, அவங்களுக்குத்தான் நிலம். தோத்தா அன்னைக்கே ஊரைக் காலி பண்றோம்."

போட்டி என்றதும் ராஜாவுக்கு ஏகக் குஷி. "பலே! என்றைக்கு வருவேன் என்று ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்!"

"எனக்கும் அதுதான் சாமி வேணும்" என்றாள் நஞ்சி.

ஆடியில் இருவரும் விதைத்தார்கள். ஐப்பசியில் தளவாய் வயல் பச்சைப் பட்டு விரித்த மாதிரி நின்றது. அவர் சும்மா இருந்தாரா? "பிரபு, தை ஐந்தாம் தேதி நாள் நன்றாக இருக்கிறது, அன்றைக்குப் போகலாமே" என்று ராஜா காதைக் கடித்தார்.

"என் பசிக்கு நீ நாள் குறிக்கிறாயா? எடு பல்லக்கை! இப்போதே பசிக்கிறது!"

தளவாய் முகத்தில் ஈயாடவில்லை. வயலுக்கு வந்து கதிரைப் பிதுக்கினார் ராஜா. வெறும் பால்! "இதை நான் குடிப்பதா?"

நஞ்சி வயலில் சாமை முற்றித் தலைசாய்ந்திருந்தது. பெண்கள் பாய்ந்து அறுத்தார்கள், தட்டினார்கள், வறுத்தார்கள், திம் திம்மென்று உரலில் குத்தினார்கள். நஞ்சி அவரைக்காய் பறித்துக் குழம்பு கூட்டினாள். ஆவி பறக்க இலையில் விழுந்தது சாமைச் சோறு!

மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிட்டபின் ராஜா கேட்டார்: "இன்றைக்கு வருவேன் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சாமி. அடுத்த மாசம் வந்தா கேழ்வரகு இருக்கும். தையில துவரை. மழை எப்ப வரும், எப்ப நிக்கும்னு மலையில யாருக்குத் தெரியும்? ஒண்ணு போனா ஒண்ணு நிக்கட்டும்னுதான் கலந்து விதைக்கிறோம்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பள்ளத்தாக்கு என்றைக்கும் உங்களுக்கே! தளவாய், அடுத்த ஆடி வரை இந்த அம்மாவிடம் களை பிடுங்கு. நஞ்சி, வேறென்ன வேண்டும், கேள்!"

"ஒண்ணே ஒண்ணு சாமி. அடுத்த தடவையும் சொல்லாம வாங்க!"

தலைகுனிந்து நின்ற தளவாய் மெல்லத் தன் இலையை நீட்டினார். நஞ்சி அதிலும் ஒரு அகப்பை சோறு போட்டாள்.