தும்பைக் குதிரையின் கரும்புள்ளி

காட்டுக் குளத்தை ஒட்டிய புல்வெளியில் தும்பை என்றொரு வெள்ளைக் குதிரை மேய்ந்துவந்தது. அது நடக்கும்போது புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பும். அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் குருவி பாய்ந்து கவ்விக்கொள்ளும். இருவரும் நல்ல சிநேகிதம்.

ஒருநாள் கரிச்சான், "அக்கா, உன் வாலுக்கடியில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. போன கோடையில் கடுகளவுதான் இருந்தது. இப்போது புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்துவிட்டது!" என்றது.

தும்பைக்கு வெட்கமாகிவிட்டது. "சீ! பார்க்கிற இடமா அது? வாயை மூடு!" என்று வாலை இறுக்கிக்கொண்டது.

அந்தப் பக்கமாக வந்த நரி இதைக் கேட்டுவிட்டது. "அட, இதற்கா கவலை? இவ்வளவு வெள்ளையாக இருக்கிறாயே, கண்ணேறு படாமல் இருக்க உனக்கு வாய்த்த திருஷ்டிப் பொட்டு அது!" என்றது.

நரியின் எண்ணம் வேறு. ஓடுகிற குதிரையை அதனால் தொடவும் முடியாது. குதிரை நோயில் படுத்துவிட்டால் பல நாள் விருந்து!

தும்பைக்கோ அந்தப் பேச்சு இனித்தது. ஆனால் கரிச்சான் விடவில்லை. மறுநாளும் சொன்னது. அதற்கடுத்த நாளும் சொன்னது. தும்பை அதை வாலால் விசிறி அடித்தது. ஒருமுறை குருவியின் இறகு ஒன்று பிய்ந்து விழுந்தது.

"அடித்தாலும் சொல்வேன்! அதன் ஓரம் கடித்த இலை மாதிரி கோணலாக இருக்கிறது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பழுப்பு. நேற்று ரத்தம் கசிந்தது. இன்னும் ஆறவில்லை!"

"எனக்கு வலிக்கவே இல்லையே!"

"வலிக்காததால்தான் நீ அசட்டையாக இருக்கிறாய். என்னை நம்ப வேண்டாம். குளத்தில் நீயே பார்!"

குருவியின் வாயை அடைத்தால் போதும் என்று தும்பை குளத்துக்குப் போனது. தண்ணீர் அலையாமல் இருந்தது. முதுகைக் காட்டி நின்று, வாலைத் தூக்கி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

கோணல் ஓரமும் கசிந்த ரத்தமும் தெரிந்தன. பொட்டு போலவே இல்லை அது.

"யாரிடம் காட்டுவது?" என்று மெல்லக் கேட்டது.

"மரங்கொத்தி வைத்தியரிடம். இப்போதே!"

நரி குறுக்கே ஓடிவந்தது. "போகாதே! அவன் உன் தோலைத் துளைத்துவிடுவான்!"

தும்பை நின்றது. நரியின் வாயோரம் எச்சில் வழிவதைப் பார்த்தது. "துளைக்கட்டும்! வழியை விடு!" என்று குளம்பை ஓங்கியது. நரி புதருக்குள் பாய்ந்தது.

மரங்கொத்தி புள்ளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "இது புற்றுநோய். இன்னும் ஆழமாக இறங்கவில்லை. இப்போது வெட்டி எடுத்துவிடலாம். ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டிருந்தால் என் அலகுக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கும்."

"என் கழுத்திலும் ஒரு புள்ளி உண்டே?" என்று தும்பை பதறியது.

"குட்டியாக இருந்தபோதே இருந்ததா?"

"ஆமாம். அப்போது பார்த்த மாதிரியே இருக்கிறது."

"அப்படியானால் பயமில்லை. ஆனாலும் கண் வைத்திரு. மாறினால் வா!"

தும்பை ஒரு வேரைப் பல்லால் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. அலகு இறங்கியபோது கண்ணீர் கொட்டியது. கரிச்சான் அதன் நெற்றியிலேயே உட்கார்ந்திருந்தது. புள்ளியும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலும் வெளியே வந்தன.

"மறுபடி வருமா?" என்று கேட்டது தும்பை.

"வரலாம். அதனால் அடிக்கடி வந்து காட்டு."

காயம் ஆறியதும் தும்பை தன் கூட்டத்தைக் குளக்கரைக்குக் கூப்பிட்டது. "வாலைத் தூக்குங்கள்! ஒருவர் பின்புறத்தை ஒருவர் பாருங்கள்!" குட்டிகள் சிரித்தன. கிழட்டுக் குதிரைகள் முகம் சுளித்தன. தும்பை அசரவில்லை, கடைசிக் குதிரையையும் பார்த்த பிறகுதான் மேயப் போனது.

உடம்பில் மாறிக்கொண்டே வரும் மச்சத்தையும் ஆறாத புண்ணையும் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வைத்தியரிடம் காட்டுகிறவர்கள் தங்கள் உயிரைக் காத்துக்கொள்கிறார்கள்.