பட்டை உடையாத வண்டி

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. குருவின் பெயர் அமலோற்பவம். ஒட்டன்சத்திரம் பைபாஸில் பிக்கப் வண்டிகளுக்கு ரிப்பேர் பார்க்கிற ஷெட் வைத்திருக்கிறார். டிரைவர்களுக்கு அவர் மேஸ்திரி.

சொந்த வண்டியின் ரிப்பேர் செலவை மிச்சம் பிடிக்கலாமே என்று நாலு வருஷம் ஞாயிறு தவறாமல் வந்து மேஸ்திரியிடம் தொழில் கற்றவர் நாச்சிமுத்து. தொழில் வந்தது, மிச்சம்தான் பிடித்த பாடில்லை.

அன்று ஒரு நோட்டோடு வந்தார்.

"மேஸ்திரி, நாளைக்குப் புது வண்டி புக் பண்ணணும். மூணு கம்பெனி வண்டி பார்த்து வச்சிருக்கேன். பத்து வருஷத்துக்கு எதுல என்ன செலவு வரும்னு ஊர் ஊரா விசாரிச்சு எழுதியிருக்கேனுங்க. எது நிலைச்சு நிக்கும்னு நீங்க சொல்லணும்."

மேஸ்திரி கையைத் துடைத்துவிட்டு நோட்டை வாங்கினார். கிளட்ச், இன்ஜெக்டர், டயர், பேரிங் என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தது. பொடி எழுத்து, ஆனால் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மனுஷன் உழைத்துத்தான் இருந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க அண்ணே."

"போன தடவை ஏமாந்துட்டேன். ஆறே வருஷத்துல கவுத்துட்டான் கம்பெனிக்காரன்."

போன தடவை வாங்கிய வண்டி அந்த ஷெட்டின் மூலையில்தான் கிடந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால், ஓணம் சீசனில், கொடைக்கானலில் இருந்து காரட் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பழனி மலைப்பாதையில் பின் ஆக்சில் முறிந்து கவிழ்ந்த வண்டி. ஓட்டியவன் அவருடைய டிரைவர் வெள்ளியங்கிரி. அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

"வெள்ளியங்கிரி எப்படி இருக்காரு?" என்றார் மேஸ்திரி.

"ஆஸ்பத்திரிச் செலவு பூரா நான்தானுங்க பார்த்தேன்."

"நான் அதைக் கேக்கலையே."

நாச்சிமுத்து நோட்டின் பக்கத்தைப் புரட்டினார். "இந்த ரெண்டாவது வண்டியில ஒரு சௌகரியம் இருக்குங்க. ஒன்னரை டன் வண்டிதான், ஆனா பின் ஸ்பிரிங்குல கூட ரெண்டு இரும்புப் பட்டை போட்டா ரெண்டரை டன் அசால்ட்டா தாங்குமாம். வாங்கினதும் இங்கேதான் கொண்டு வருவேன். நீங்களே போட்டுக் கொடுத்திருங்க."

மேஸ்திரி நோட்டை விரித்தபடியே பெஞ்சின் மேல் வைத்தார். பிறகு மூலையில் கிடந்த வண்டியைக் காட்டினார்.

"அதுல பின்பக்கப் பட்டை செட்டைக் கழட்டுங்க."

"இப்பவா?"

"எது நிலைக்கும்னு கேட்டீங்கள்ல? கழட்டுங்க."

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்தார். போல்ட்டெல்லாம் துருவேறிக் கிடந்தது. வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் அடுக்கினார். ஏழு இருந்தது. கம்பெனி போட்டது ஐந்து, மேஸ்திரி போட்டது இரண்டு.

துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மேஸ்திரி! ஒன்னுகூட உடையலைங்க. கீறல்கூட இல்லை. என்ன வேலை செஞ்சிருக்கீங்க!"

"ஆமா. உடையலை."

"அப்புறம் எதுக்குக் கழட்டச் சொன்னீங்க?"

"அஞ்சு பட்டையோட இருந்தா, லோடு ஜாஸ்தியானதும் வண்டி பின்னால உட்காரும். அதுக்கு மேல ஏத்தினா பட்டை உடையும். உடைஞ்சா வண்டி நின்னுடும். போதும்னு சொல்ல வண்டிக்கு அது ஒன்னுதான் வழி. ரெண்டரை டன் ஏத்தியும் நம்ம வண்டி உட்காரலை. உடைய வேண்டியது உடையலை. அதனால ஆக்சில் முறிஞ்சுது."

நாச்சிமுத்துவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"இதை வாங்கின அன்னைக்கு வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நேரா இங்கே வந்தீங்க. டயர்ல வச்ச குங்குமம்கூடக் காயலை. ரெண்டு பட்டை போடுங்கன்னீங்க. வேணாம்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும். தெரிஞ்சேதான் போட்டேன். தினமும் ஷெட்டைத் திறந்தா முதல்ல இந்த வண்டிதான் கண்ணுல படுது. படட்டும்னுதான் எடைக்குப் போடாம வச்சிருக்கேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க மேஸ்திரி... நான்தானே போடச் சொன்னேன்."

"வெள்ளியங்கிரி உங்ககிட்ட ஒன்னுமே சொல்லலையா அண்ணே?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"சொன்னான். மூணு வாரத்துக்கு முன்னாடியே சொன்னான். பின்னாடி கடக் கடக்னு சத்தம் வருதுண்ணா, வண்டியைப் போட்டுப் பார்த்துரலாம்னான்."

"நீங்க?"

"ஓணம் சீசன்ல ஒரு நாள் வண்டி நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். தினப் பேட்டாவுல இருநூறு சேர்த்துக் கொடுத்தேன். அதுக்கப்புறம் அவன் சொல்லலை."

"வண்டியோட வாயை நான் அடைச்சேன். அவர் வாயை நீங்க அடைச்சீங்க."

நோட்டு பெஞ்சின் மேல் விரிந்தபடி கிடந்தது. நாச்சிமுத்து அதை எடுக்கவில்லை. பட்டைகளின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவனை நான் போய்ப் பார்க்கவே இல்லைங்க மேஸ்திரி. எந்த மூஞ்சியோட போறது?"

"நான் போனேன். பட்டை போட்டது நான்தான்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒன்னும் சொல்லலை. அவர் சம்சாரம் சொன்னாங்க. அரைமணி நேரம் சொன்னாங்க. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

நாச்சிமுத்து மெதுவாக எழுந்தார். கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"நான் போனா அவன் பேசுவானுங்களா, மேஸ்திரி?"

"பேசினா எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேளுங்க. இந்தத் தடவையும் பேட்டா கொடுத்துடாதீங்க."