பெண் வீட்டு நிழலில் சாப்பிடாதவர்கள்

கன்னியப்பன், வேதகிரி, எட்டியப்பன் என்ற சகோதரர்கள் மூவரையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் செங்கல்பட்டுப் பக்கத்தில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும். இந்த முறை அது அவர்களுடைய அக்காள் மகன் தசரதனுக்கு ஆக இருந்தது.

தசரதனுக்கு முப்பத்துநாலு வயது. பதினோரு வரன் தட்டிப்போயிருந்தது. பன்னிரண்டாவதாக வந்த பூங்கோதையின் புகைப்படத்தைப் பார்த்ததிலிருந்து அவன் இஸ்திரி போடாத சட்டையைத் தொடுவதில்லை. அவ்வளவு ஆசை. ஆனால் பெண்ணின் அப்பா லேசுப்பட்டவர் இல்லை. டிவியில் வஞ்சிரம் வறுத்தே பேர் வாங்கிய செஃப் ஞானசுந்தரம். வண்டலூரைத் தாண்டி, புதிதாக மனை பிரித்த ஒரு புறநகரில், 'அலைவாசல்' என்று மீன் உணவகம் திறந்திருந்தார். கீழே கடை, மாடியில் வீடு.

செஃப் போனிலேயே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். "ஜாதகமெல்லாம் எனக்கு வேணாம். பையன் என் கடையில வந்து சாப்பிடட்டும். தட்டுல முள்ளு மட்டும்தான் மிச்சம் இருக்கணும். இருந்தா பொண்ணு தர்றேன்."

தசரதனின் அம்மா பச்சையம்மாளுக்கு மூட்டுவலி, வரமுடியவில்லை. தம்பிகளை வரிசையாக நிற்கவைத்து அவளும் ஒன்று சொல்லி அனுப்பினாள். "சம்மதம்னு அவரு வாயால சொல்ற வரைக்கும் பொண்ணு வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது. குடிச்சுட்டு என் மூஞ்சியில முழிக்காதீங்க." காலங்காலமாக உள்ள வழக்கம்தான். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை.

சாப்பிட்டால்தான் சம்மதம், சம்மதம் கிடைத்தால்தான் சாப்பாடு. இந்தச் சிக்கல் வேனில் போகும்போது தசரதனுக்கு மட்டும்தான் உறைத்தது. மாமன்களிடம் சொன்னான். அங்கே போய் யோசித்துக்கொள்ளலாம் என்றார்கள்.

கடைக்குள் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில் மீன்கள் நீந்தின. வேண்டிய மீனை விரலால் காட்டுங்கள், கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், வலை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு சர்வர் உள்ளே போனார். எட்டியப்பன் ஒரு கொடுவா மீனைக் காட்டினார். அது தொட்டியைச் சுற்றியது. அவரும் தொட்டியைச் சுற்றினார். சர்வர் வந்து மீனை அள்ளிக்கொண்டு போன பிறகும், கையை எடுக்கலாம் என்று யாரும் சொல்லாததால், வெறும் தண்ணீரைக் காட்டியபடியே நின்றார். கன்னியப்பன் அடுக்களை வரை போய் அனுமதி வாங்கிவந்த பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கியது.

மேசைக்குக் கொடுவா வறுவல் வந்தது, நண்டு மசாலா வந்தது, இறால் தொக்கு வந்தது. நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுக்களைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாக ஞானசுந்தரத்தின் மீசை தெரிந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பூங்கோதை இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோவைவிட நேரில் நன்றாக இருந்தாள். தசரதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கன்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "இது கடையா, பொண்ணு வீடா? அதை மொதல்ல முடிவு பண்ணுவோம்."

"கீழதானே கடை? வீடு மேல இருக்குது" என்றான் தசரதன் ஆவலாக.

வேதகிரி மேலே நிமிர்ந்து பார்த்தார். "நம்ம தலைக்கு மேல இருக்கறது அவங்க வீட்டுத் தரை. தரை இல்லாம வீடு ஏது? அப்ப நாம வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் உக்காந்திருக்கோம்."

கீழ்ப்பக்கமும் வீட்டோடு சேர்ந்ததுதான் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். தசரதனையும் சேர்த்துக்கொண்டு ஆளுக்கொரு கால் பிடித்து, தட்டுகளோடு மேசையைத் தூக்கி வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். தசரதன் ஒரு துண்டு மீனை எடுத்து வாய்கிட்டே கொண்டுபோனான். கன்னியப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ பாரு. இது யாரு நிழலு?"

மேற்கே சாய்ந்த வெயிலில் வீட்டின் நிழல் மேசைமேல் விழுந்திருந்தது. பெண் வீட்டு நிழலும் பெண் வீடுதான். நிழலைத் தாண்டி மேசையைப் போட்டார்கள். உப்பு போதுமா என்று பேசி முடிப்பதற்குள் நிழல் வந்து சேர்ந்தது. மறுபடி தூக்கினார்கள். இப்படி நாலு முறை. வாகனங்கள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்துக்குள் மேசை போய்ச் சேர்ந்தது. நிறுத்தத்துக்குச் சொந்தமாக ஒரு கூரையும் சொந்தமாக ஒரு நிழலும் இருப்பதால் அடுத்த வீட்டு நிழல் உள்ளே வர முடியாது என்று வேதகிரி விளக்கினார். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இது ஏதோ புது மோஸ்தர் என்று நினைத்தார்கள். இரண்டு குடும்பங்கள் தங்கள் மேசைகளையும் வெளியே தூக்கிவரச் சொல்லி சர்வரைப் பிடுங்கின.

தசரதன் சாப்பிட்டான். பதினோரு வரனுக்கும் சேர்த்துச் சாப்பிட்டான். கொடுவா முடிந்தது, முள் மிஞ்சியது. நண்டு முடிந்தது, ஓடு மிஞ்சியது. ஓட்டையும் கடித்துத் தின்றுவிடச் சொன்னார்கள், தின்றான்; முள் மாதிரி கூராக இருந்த கால் நுனிகள் மட்டும் மிஞ்சின. கடைசியாக இறால் தட்டு காலியானதும் மாமன்களுக்கு முகம் செத்துவிட்டது. அந்தத் தட்டில் எதுவுமே மிஞ்சவில்லை.

"முள்ளு இருக்கணும்னாரே. இதுல முள்ளக் காணமே. முழுங்கிட்டியாடா?" என்றார் எட்டியப்பன்.

இறாலுக்கு முள் கிடையாது என்று தசரதன் எவ்வளவோ சொன்னான். அவர் கேட்டது முள், இறாலின் பிறப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை என்றார் கன்னியப்பன். எட்டியப்பன் கடைக்குள் ஓடினார். சங்கரா மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் நிலைமையை எடுத்துச் சொல்லி, நாலு முள் கேட்டு வாங்கிவந்து இறால் தட்டில் பரப்பிவைத்தார்.

அதற்குள் ஞானசுந்தரமே கரண்டியோடு தெருவைக் கடந்து வந்துவிட்டார். பின்னால் பூங்கோதை. அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"என் இறாலுக்கு முள்ளு எங்கேர்ந்து வந்துச்சு?"

தசரதனுக்குப் பொய் வராது. "உள்ள ஒரு குடும்பத்துக்கிட்ட கேட்டு வாங்கினதுங்க. நீங்க முள்ளு இருக்கணும்னு சொன்னீங்கன்னு" என்றான். பன்னிரண்டாவதும் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

செஃப்பின் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷமாகச் சமைக்கிறார். எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள் என்றால் முதலில் பிழிகிறார்கள், சூடாகச் சாப்பிடுங்கள் என்றால் போட்டோ எடுக்கிறார்கள். அவர் வார்த்தைக்காக இரவல் முள் வாங்கிய மனிதனை இன்றுதான் பார்க்கிறாராம். பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையாட்டினாள்.

"சம்மதம்" என்றார்.

தசரதன் பூரித்துப்போய், சொம்புத் தண்ணீரை மாமனாரிடம் நீட்டினான். அவர் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தப்பு மாப்ள. நீங்க மேசை போட்டு, சாப்பிட்டு, உக்காந்திருக்கீங்க. இது இப்ப மாப்பிள்ளை வீடு. தாலி ஏறுற வரைக்கும் நான் இங்க கை நனைக்கலாமா?"

மாமன்கள் ஒருவரை ஒருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள். குடும்பம் என்றால் இதுவல்லவா குடும்பம். ஞானசுந்தரம் அங்கேயே வீடு பார்க்கும் சடங்கையும் முடித்துவிட்டார். தூண்களைத் தட்டினார், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தார். நல்ல காற்றோட்டம், வாசலிலேயே பஸ் வசதி, கதவு ஒன்றுதான் இல்லை என்றார்.

"ஒரு வாரத்துல போட்டுடறோம் சம்பந்தி" என்றார் கன்னியப்பன்.

போட்டுவிட்டார்கள். நல்ல தேக்குக் கதவு. இப்போது அந்த வழியாக வரும் பேருந்து அங்கே நின்றால், கண்டக்டர் இறங்கிப்போய்க் கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தாம்பரம் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டு வருகிறார்.