வேகாத கல்

பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். வானத்திலிருந்து விழுந்த கல்லுக்கு எப்போதோ சூடு கண்டதா என்று எதைத் தொட்டுப் பார்ப்பீர்கள்?

நாச்சியாரின் ஆய்வகத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. கல்லைப் பொடித்து, கதிர்வீச்சு ஊட்டி, இருட்டில் சூடேற்றுவார்கள். பொடி ஒளி விடும். எவ்வளவு ஒளி என்று கருவி கோடு போட்டுக் காட்டும்.

அங்கே சீடராகச் சேர்ந்தவர் வடிவு. அதற்கு முன் இதே முறையில் பழைய பானை ஓடுகளுக்கு வயது பார்த்தவர். குருவைவிட மூத்தவர், குரு அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று கருவி போட்ட கோட்டைக் கசங்கிய தாளில் கொண்டுவந்து நின்றார்.

“மேடம், எனக்கு வேற கல் தாங்க. இது செத்த கல்.”

“யார் சொன்னா?”

“கோடு எழும்பவே இல்லை. மெழுகின தரையாட்டம் கிடக்குது. பக்கத்து மேசை செல்லையாவோட கல்லைப் பாருங்க, கோபுரமா நிக்குது. நாளைக்குக் குழு முன்னாடி இதைக் காட்டினா என் ஆராய்ச்சியையே மூடச் சொல்லிருவாங்க.”

“பானை ஓட்டுப் பழக்கம் இன்னும் போகலையாக்கா?”

“ஒளி வந்தாத்தான மேடம் ஓடு பேசும்?”

நாச்சியார் எழுந்துபோய் உலையின் சுவிட்சைப் போட்டார்.

“கல்லைக் குடுங்க. உங்களுக்கும் ஒரு கோபுரம் கட்டித் தரேன்.”

“எப்படி?”

“வேக வச்சுத்தான். செல்லையா கல்லு, தான் பிறந்த குறுங்கோளுக்குள்ள லட்சக்கணக்கான வருசம் வெந்த கல்லு. அந்தச் சூட்டுலதான் ஒளி விடுற பளிங்கு அதுக்குள்ள விளைஞ்சுது. நாமளும் ஈரம் விட்டு, அழுத்தி, வேக வச்சா இதுலயும் விளையும்.”

வடிவு கல் இருந்த டப்பாவை நீட்டினார். பாதியில் கை நின்றது.

“அப்ப என் கல்லு வேகவே இல்லையா?”

நாச்சியார் உலைக் கதவைத் திறந்து, கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“பூமி உருண்டு திரளுறதுக்கு முன்னாடி எப்படிச் சேர்ந்துச்சோ, அப்படியேவா இருக்குது?” என்றார் வடிவு.

“கை வலிக்குதுக்கா. குடுங்க.”

“செல்லையா கல்லு?”

“அது சமைச்ச சோறு.”

“இது?”

“செத்த கல்லுன்னு நீங்கதான சொன்னீங்க.”

வடிவு டப்பாவை மூடி முந்தானையில் முடிந்துகொண்டார். கசங்கிய தாளை மேசைமேல் விரித்தார். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையின் தலையைப் படிய வைப்பதுபோல உள்ளங்கையால் நீவினார். சுவரில் செல்லையாவின் கோபுரத் தாள் தொங்கியதற்குப் பக்கத்தில், அதைவிட ஒரு விரல் உயரமாகவே ஊசியால் குத்தினார்.

பிறகு திரும்பினார்.

“மேடம், உலையை அணைச்சிருங்க.”